வகுப்பறையில் பிள்ளைகள் பேசட்டும்

(நமது ஆலய ஆண்டுத் திருவிழாவின் மூன்றாம் நாள் மாலை, பெற்றோருக்கான நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரை. ஆலயத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் தொண்டாற்றும் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் வழங்கியது.)



திருவிழாக் காலத்தில் சமயச் சொற்பொழிவினை எதிர்பார்த்து வந்தோர் பலர் இருப்பீர்கள். அவர்கள் பொறுத்தருள வேண்டும். நமது ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் கூச்சலிட்டு விளையாடுகிறார்களே, பாடம் நடக்கிறதா இல்லையா என்று சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடையளிக்கவே குழுவினர் எனக்கு இந்த அரை மணி நேரத்தை ஒதுக்கியுள்ளனர்.

என் பிழை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு தொடக்கப்பள்ளியில், தொடக்கநிலை மூன்றில் ஒரு சிறுவன் இருந்தான். கலகலப்பானவன். ஒரு திங்கட்கிழமை, விடுமுறையில் நடந்ததைக் கூறுமாறு கேட்டேன். அவன் எழுந்து, "எங்க பாட்டி ஊர்லேருந்து வந்துச்சு, முறுக்கு கொண்டாந்துச்சு" என்று தொடங்கினான். "வந்துச்சு அல்ல, வந்தார் என்று சொல்" என்றேன். திருத்திக்கொண்டு தொடர்ந்தான். அடுத்த வாக்கியத்திலும் நிறுத்தினேன். அதற்கடுத்ததிலும் நிறுத்தினேன். வகுப்பு சிரித்தது. அவன் முறுக்கின் கதையை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு முழுவதும் எதைக் கேட்டாலும் "தெரியாது, டீச்சர்" என்பதே அவன் விடை. இலக்கணத்தைக் காப்பாற்றிவிட்டதாக நான் அப்பொழுது எண்ணிக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எம்ஆர்டி இரயிலில் அவரைக் கண்டேன். வளர்ந்து, குடும்பத் தலைவராகிவிட்டார். "வணக்கம், டீச்சர்" என்று கைகூப்பினார். அதன்பின் நான்கு நிலையங்கள் வரை அன்போடு பேசினார், முற்றும் ஆங்கிலத்தில். நானும் ஆங்கிலத்திலேயே விடையளித்திருக்கிறேன். இறங்கிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

மெய்யன்பர்களே, இஃது ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட வருத்தம் மட்டுமன்று. சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. தமிழ், தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில், 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.3 பேராக இருந்தனர், 2020இல் 2.5 பேராயினர். ஆகவே பல பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு என்பது தமிழைப் படிக்கும் இடம் மட்டுமன்று. ஒரு நாளில் தமிழில் வாய்திறக்கக்கூடிய ஒரே இடமும் அதுவே. அந்த இடத்திலும் ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தால் பிள்ளை எங்கே பேசுவது?

ஒரு சிறு கணக்கு. வகுப்பில் 24 பிள்ளைகள், பாடவேளை 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் பாதி நேரம் பேசுகிறார். மீதி 15 நிமிடத்தில் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து விடை கூறினால், ஆளுக்கு 37 விநாடி கிடைக்கும். அதே 15 நிமிடத்தில் அவர்களை இருவர் இருவராக அமர்த்திப் பேசவிட்டால், ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிடத்திற்கு மேல் கிடைக்கும். ஏறத்தாழ 12 மடங்கு. இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நாற்காலிகளைத் திருப்பிப் போட்டால் போதும். அன்பர் கேட்ட கூச்சல், 12 சோடிகள் ஒரே நேரத்தில் தமிழ் பேசும் ஓசைதான்.

பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை மேனாட்டுப் புதுமை என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்தினார். அவ்வூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். அவருடைய ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே ஒரு சிறுவனையே மற்றச் சிறுவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். அது வெற்றி பெற்றது. 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். பின்னர் அது 'சென்னை முறை' என்றே வழங்கலாயிற்று. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நினைவில் கொண்ட பெரியவர்கள் இதனைக் கேட்டு வியக்கமாட்டார்கள்.

இனி, நமது வகுப்பில் நடப்பவற்றைக் கூறுகிறேன்.

எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு படப் பயிற்சி. லிட்டில் இந்தியாவில் உள்ளதுபோன்ற ஒரு பூக்கடையை இரண்டு தாள்களில் வரைவேன். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் எட்டு வேறுபாடுகள் இருக்கும். ஒன்றில் மல்லிகைச் சரம் கூடைக்குள் இருக்கும், மற்றொன்றில் ஆணியில் தொங்கும். ஒன்றில் மூன்று தேங்காய், மற்றொன்றில் ஐந்து. பிள்ளைகள் இருவர் எதிரெதிரே அமர்வர். நடுவில் ஒரு கோப்பினை நிமிர்த்தி வைத்துச் சுவராக்கிவிடுவோம். ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கலாகாது. பேசித்தான் வேறுபாடுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். "உன் படத்துல பூனை இருக்கா?" "இருக்கு." "எங்க இருக்கு?" "மேசைக்குக் கீழ." "என் படத்துல மேசை மேல இருக்கு!" இவ்வாறு போகும்.

இதிலுள்ள நுட்பம் என்னவெனில், வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். "இது என்ன நிறம்?" என்று சிவப்புப் பூவைக் காட்டிக் கேட்கிறோம். பிள்ளைக்கும் அது தெரியும். அது தேர்வு, உரையாடலன்று. படப் பயிற்சியிலோ, எதிரிலிருப்பவர்க்குத் தெரியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது. வாய்திறக்காத பிள்ளையிடமும் அடுத்தவர்க்கு வேண்டிய செய்தி இருப்பதால், அவர் அதனைக் கேட்டே தீருவார். பேசு, பேசு என்று நான் வற்புறுத்திய காலத்தில் பேசாதவர்கள், தம் தோழருக்காகப் பேசியதைக் கண்டிருக்கிறேன்.

இதனைத் 'தகவல் இடைவெளி' என்பர் கல்வியாளர். இத்துறையில் பெயர்பெற்றவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில், இலக்கண விதிகளை வரிசையாகப் புகட்டாமல், பிள்ளைகள் செய்து முடிக்க வேண்டிய பணிகளின் வாயிலாகவே ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சியினை நடத்தினார். பிறகு நம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக விளங்கினார். அவர் செய்தது ஆங்கிலத்திற்கு. அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எவ்வாறு இரண்டாம் மொழியோ, அவ்வாறே இங்கு நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் ஆகிவிட்டது. ஒப்புக்கொள்ளக் கசக்கிறது. ஒப்புக்கொண்டால்தான் கற்பிக்க வழி பிறக்கிறது.

எழுத்துப்பிழைக்கு ஓட்டம். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நான்கு வரி கொண்ட ஒரு பத்தியினைப் பெரிய எழுத்தில் எழுதி வகுப்புக்கு வெளியே சுவரில் ஒட்டிவிடுவேன். சோடியில் ஒருவர் ஓடுபவர், மற்றவர் எழுதுபவர். ஓடுபவர் சென்று, ஒரு வரியை மனத்தில் வாங்கி வந்து, தோழரிடம் சொல்ல வேண்டும். அவர் எழுத வேண்டும். பாதியில் ஆள் மாறும். இங்கேதான் ரகர றகரமும், னகர ணகரமும், ல, ள, ழ மூன்றும் உயிர்பெறுகின்றன. "மூணு சுழி ணவா, ரெண்டு சுழி னவா?" என்று எழுதுபவர் கேட்பார். ஓடியவருக்குத் தெரியாது. மீண்டும் ஓடுவார். 'பள்ளி' என்று எழுதவேண்டிய இடத்தில் 'பல்லி' என்று எழுதியவரைப் பார்த்து, "நீ பல்லிக்கா போற?" என்று தோழர் சிரித்தார். நான் நூறு முறை எழுதிவரச் சொல்லியிருந்தாலும் அந்த ஒரு சிரிப்புக்கு ஈடாகியிராது. நம் மேல்மாடி நடைபாதையில் ஞாயிறு காலை ஓடும் ஓசை கேட்டால், அது இதுதான். குருக்கள் அவர்கள் பொறுத்துக்கொள்கிறார். அவருக்கு என் நன்றி.

சிறியவர்களுக்கு, அதாவது தொடக்கநிலை ஒன்றுக்கும் இரண்டுக்கும், சொன்னபடி செய்யும் விளையாட்டு. "எழுந்திரு, கதவைத் தொடு, நூலை நாற்காலியின் மேல் வை." முதலில் நான் கட்டளையிடுவேன். பிறகு பிள்ளைகளே எனக்குக் கட்டளையிடுவர். ஆசிரியரை நடனமாடச் சொல்வதில் அவர்களுக்கு உள்ள மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. மூத்தவர்களுக்கு ஆளைத் தேடும் பயிற்சி: தாளில் உள்ள குறிப்புகளுக்குப் பொருந்துபவரை வகுப்பில் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். தோசையைவிட இட்லியை விரும்புபவர் யார், அண்ணன் இருவர் உள்ளவர் யார் என்பன போன்றவை.

இவையெல்லாம் தாமாக வெற்றியடைவதில்லை என்பதனையும் கூறியாக வேண்டும். ஆளைத் தேடும் பயிற்சியை முதன்முறை நடத்தியபோது, இரண்டு நிமிடத்தில் வகுப்பு முழுவதும் ஆங்கிலத்திற்கு மாறிவிட்டது. விளையாட்டு நடந்தது, தமிழ் நடக்கவில்லை. அதன்பின் மூன்று மாற்றங்கள் செய்தேன். வேண்டிய வாக்கியங்களை முன்னரே பலகையில் எழுதி, கூட்டாகச் சொல்லிப் பழக்கினேன். நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்தேன். எல்லாவற்றுக்கும் முன்பாக, "இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?" என்னும் ஒரு வாக்கியத்தைக் கற்பித்தேன். இன்று வரை நான் கற்பித்த வாக்கியங்களில் மிகவும் பயன்பட்டது அதுவே. பொருளின் பெயர் தெரியாமல் ஆங்கிலச் சொல்லைப் போட்டால் விட்டுவிடுகிறேன். வினையும் வாக்கியமும் தமிழில் நிற்கின்றனவா என்பதையே பார்க்கிறேன்.

கணினித் திரையில் நடக்கும் பயிற்சிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றை நான் வெறுப்பவரல்லன். ஆனால் திரையைத் தொட்டால் நட்சத்திரம் மின்னுவதும், ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் ஒன்றாகா.

அடுத்து, பேச்சுத்தமிழ் பற்றிய தயக்கம். "வகுப்பில் இருக்கா, இல்லையா என்று பேசவிடுகிறீர்களே, தமிழ் கெட்டுவிடாதா?" என்று ஒரு தாயார் கேட்டார். என் முறுக்குச் சிறுவனின் காலத்தில் நானும் அவர் கட்சியே. 2005ஆம் ஆண்டில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மறுஆய்வு செய்த குழு, தரமான பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2010இல் அமைந்த தாய்மொழிகள் மறுஆய்வுக் குழு, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகியவற்றோடு, ஒருவரோடு ஒருவர் கருத்துப் பரிமாறும் திறனையும் வலியுறுத்தியது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்விலும் தமிழ்மொழிக்குரிய மதிப்பெண்களில் நான்கில் ஒரு பங்கு வாய்மொழித் தேர்வுக்கே உரியது. மதிப்பெண்ணுக்கு அஞ்சும் பெற்றோர் இதனைக் குறித்துக்கொள்வீர்களாக.

எழுத்துத்தமிழ் கைவிடப்படவில்லை. படப் பயிற்சி முடிந்ததும், கண்டுபிடித்தவற்றுள் மூன்றனை இருவரும் சேர்ந்து எழுத வேண்டும். பேசும்போது "பூனை மேசைக்குக் கீழ இருக்கு" என்றவர், தாளில் "பூனை மேசைக்குக் கீழே இருக்கிறது" என்று எழுதுவார். வந்துச்சு வந்ததாக மாறுவது அங்கே நடக்கிறது, தாளின் மேல், இருவர் கலந்து பேசி. யாரும் சிரிப்பதில்லை. அன்று நான் அந்தச் சிறுவனை அவன் கதையை முடிக்கவிட்டு, பிறகு தாளில் எழுதச் செய்திருக்கலாம்.

இப்பொழுது ஆலயத்தோடு தொடர்புடைய செய்திக்கு வருகிறேன். சென்ற ஆண்டு வகுப்பில் அர்ச்சனை முகப்பு ஒன்றை அமைத்தோம். ஒரு மேசை, அட்டையில் செய்த சீட்டுகள், விளையாட்டுப் பணம். ஒருவர் சீட்டு விற்பவர், ஒருவர் பக்தர், ஒருவர் குருக்கள். குருக்களாக இருப்பவர், "யார் பேருக்கு? என்ன நட்சத்திரம்? என்ன ராசி?" என்று கேட்க வேண்டும். முதல் ஞாயிறு, பதினான்கு பிள்ளைகளில் பதினொருவருக்குத் தம் நட்சத்திரம் தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று! வீட்டில் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டுவருவதே வீட்டுப்பாடமாயிற்று. மறுவாரம் ஒருத்தி தன் குடும்பத்தார் ஏழு பேரின் நட்சத்திரங்களையும் ஒப்பித்தாள். ஒரு சிறுவன், தான் பிறந்த இரவு பெருமழை பெய்ததையும், தாத்தா வாடகை வண்டி கிடைக்காமல் நின்றதையும் கேட்டுவந்து சொன்னான். அத்தனையையும் பெரியவர்களோடு தமிழில் பேசியே பெற்றிருந்தார்கள்.

அதன்பின் நடந்ததைத்தான் இன்று உங்களிடம் கூற வந்தேன். வகுப்பில் பழகிய சிறுமி ஒருத்தி, ஒரு வெள்ளிக்கிழமை தாயாரோடு ஓர் ஆலயத்துக்குச் சென்றாள். எந்த ஆலயம் என்று கூற வேண்டியதில்லை. தாயாரைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, தானே முகப்புக்குச் சென்று, "ஓர் அர்ச்சனைச் சீட்டு கொடுங்க, எவ்வளவு?" என்று கேட்டாள். முகப்பில் இருந்தவர் குனிந்து, மிகுந்த அன்போடு, ஆங்கிலத்தில் விடையளித்தார். குழந்தைக்கு எளிதாக இருக்கட்டும் என்னும் நல்லெண்ணந்தான். சிறுமி அடுத்த கேள்வியை ஆங்கிலத்திலேயே கேட்டாள். வகுப்பில் நாங்கள் நான்கு வாரம் பழகியது, அந்த ஒரு விடையில் நின்றுபோயிற்று. தமிழ் வகுப்புக்கு மட்டும் உரியது என்று அவள் அன்று விளங்கிக்கொண்டிருப்பாள்.

ஆகவே மேலாண்மைக் குழுவினரிடமும் தொண்டூழியர்களிடமும் என் வேண்டுகோள் இது. ஒரு பிள்ளை தமிழில் தொடங்கினால் தமிழிலேயே விடையளியுங்கள். முகப்பிலும், அன்னதானக் கூடத்திலும், காலணி வைக்கும் இடத்திலும் அவ்வாறே செய்யுங்கள். பிள்ளை தடுமாறினால் சற்றுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி காத்திருந்தால் பிள்ளைகளின் விடை நீள்கிறது என்றும் கண்டார். வரிசையில் பின்னால் நிற்கும் அன்பர்கள் அந்த மூன்று விநாடியைத் தந்தருள வேண்டும். பிழையாகச் சொன்னால் திருத்தாதீர்கள். "ரெண்டு சீட்டு வேணும்" என்பதற்கு, "இரண்டு சீட்டா? இந்தாம்மா" என்று கூறினாலே சரியான சொல் அதன் காதில் விழுந்துவிடும். தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

மற்றொரு வேண்டுகோள் பெரியவர்களுக்கு. அடுத்த மாதம் முதல் எங்கள் வகுப்பில் பேட்டிப் பயிற்சி தொடங்குகிறோம். பிள்ளைகள் இருவர் சேர்ந்து ஒரு பெரியவரிடம், சிறு வயதில் என்ன விளையாடினீர்கள், எங்கே குடியிருந்தீர்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதுவார்கள். கம்பத்து வீட்டில் வாழ்ந்தவர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள், தமிழ்ப் பள்ளிகளில் படித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வாரம் இருவர் வேண்டும். "எனக்கு ஆங்கிலம் தெரியாதே" என்று ஒரு பாட்டியார் நேற்றுத் தயங்கினார். அம்மா, உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலம் தெரிந்தவர்களும் வரலாம். ஒரு மணி நேரம் அதனை மறைத்துவைத்துக்கொள்ள முடியுமானால்.

ஞாயிறு காலை பத்து மணி, மேல்மாடி வகுப்பறை. பெயர் கொடுக்க விரும்புவோர் இன்று அன்னதானத்திற்குப் பின் செயலாளர் அவர்களிடம் கொடுக்கலாம். தேநீர் உண்டு.